தம்பி பங்குக்கு ஒரு கட்டில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன்னோடு பேச ஆரம்பித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். போட்டால், நான் சொல்ல வேண்டியதையும் அவரே சொல்கிறார், நீ சொல்ல வேண்டியதையும் அவரே சொல்கிறார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசலாம் என்றால் நீ அங்கே துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாய். அதனால்தான் மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளையில், இருமல் மருந்து பாட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி. கடைசியில் ஒரு வேலை சொல்லப்போகிறேன். நீ செய்தே ஆகவேண்டும்.

அப்பா வீட்டுச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தது உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார். பின்னால் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி, கம்பி வலை அடித்த சமையலறை அலமாரி, தையல் மிஷின். "நான் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கக் கூடாது பாரு" என்றார். அடித்துக்கொள்ள நீ முதலில் இங்கே இருக்க வேண்டாமா? அதை அவரிடம் யார் சொல்வது! ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுத்தே பழகியவர். பெரிய டாக்டரே வந்து கையுறை கேட்டாலும் "பழசைக் காட்டுங்க, புதுசு தர்றேன்" என்று நிற்க வைத்த மனுஷன். வீட்டில் ஒரு பல்பு மாற்ற வேண்டும் என்றால்கூட, ஃப்யூஸ் போன பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அவர் முன்னால் நிற்பாளே, நினைவிருக்கிறதா? அம்மாவும் சும்மா இல்லை. ஒருமுறை உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தி, "இது சரியா வேலை செய்யல, பழசைக் காட்டிட்டேன், புதுசு குடுங்க" என்றாள். நீ அழுததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு அந்த மூன்று சாமான்கள், உனக்குப் பெரிய கட்டில் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். நானும் சரி, ஒரு பெரியவரின் ஆசை, முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? ஸ்டோர்காரர் ஒரு பொருளைக் கொடுத்தால் விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லையாம். கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறதா என்று வந்து சரிபார்க்க வேண்டுமாம். நோட்டு, பேனா எதுவும் கிடையாது, எல்லாம் தலைக்குள்ளேயே.

முதல் சரிபார்ப்பு கண்ணாடிக்கு. உன் அத்தான் தன் உயரத்துக்கு ஏற்றபடி ஆணி அடித்து அழகாக மாட்டியிருந்தார். அப்பா வந்து பார்த்துவிட்டு, "உங்கம்மா இதுல பார்த்தா நெத்தி மட்டும்தான் தெரியும்" என்றார். அம்மா எங்கே வந்து பார்க்கப்போகிறாள் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆணி இறங்கியது, கண்ணாடியும் இறங்கியது. இப்போது வீட்டில் என் மகள் சின்னவளைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் குனிந்துதான் முகம் பார்க்கிறோம். உன் அத்தான் முட்டியை மடக்கிக்கொண்டு ஷேவ் செய்கிறார். தாடைக்குக் கீழே ஒரு திட்டு எப்போதும் தப்பித்துவிடும். அவர் வேலையோ மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது. போன வாரம் ஒரு கிழவி அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு முதல்ல கண்ணு சரியா தெரியுதாப்பா?" என்று கேட்டுவிட்டாளாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. அவசரமாகத் தலை வாரிக்கொள்ளக் குனிந்தேன். கண்ணாடியில் அம்மா முகம் இருந்த அதே இடத்தில் என் முகம் வந்து நின்றது. மூக்கு அப்படியே அவள் மூக்கு. கடைக்கு நேரமாகிவிட்டது என்பதைக்கூட மறந்து நின்றேன்.

அடுத்தது தையல் மிஷின். அதை மூடி, மேலே ஒரு துணி விரித்து டிவியை வைத்திருந்தேன். இடம் எங்கே இருக்கிறது சொல்? அப்பா வந்தார், எதிரே நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "அது பாவம், முதுகு வலிக்கும்" என்றார். எதற்கு முதுகு என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. டிவி இறங்கித் தரைக்குப் போனது. இப்போது நாங்கள் செய்திகளைப் படுத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். மிஷின் டிராயரில் இன்னும் அந்தப் பச்சைத் துணியின் துண்டுகள் இருக்கின்றன. ஸ்டோரில் கழித்துப்போட்ட ஆபரேஷன் தியேட்டர் துணியை ஏலத்தில் எடுத்து வந்து அப்பா போட, அம்மா திரைச்சீலை, தலையணை உறை, என் பாவாடை, உன் சட்டை, டவுசர் என்று வீட்டையே பச்சையாக்கினாளே! உன்னை வகுப்பில் எல்லோரும் ‘ஆபரேஷன்’ என்று கூப்பிட்டார்கள். திரைக்கு முன்னால் நீ நின்றால் தலை மட்டும்தான் தெரியும் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா அந்தத் துண்டு ஒன்றை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அலமாரி விஷயத்தில்தான் உன் அத்தான் வசமாக மாட்டிக்கொண்டார். அந்தக் கதவு எப்படிக் கத்தும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் எத்தனை தடவை சர்க்கரை டப்பாவுக்குக் கை நீட்டி அந்தச் சத்தத்தில் மாட்டியிருக்கிறோம்! இவர் நல்லது செய்வதாக நினைத்துக் கீல் இரண்டுக்கும் எண்ணெய் விட்டுவிட்டார். அப்பா வந்து திறந்தார். சத்தம் இல்லை. மூடித் திறந்தார், மறுபடி மூடித் திறந்தார். திட்டுவார் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "அது கத்தினாத்தான் அவ சமையல்கட்டுல இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டார். நான் அழுதேன். இவர் என்னைப் பார்த்து முழித்தார்.

அதற்கப்புறம் உன் அத்தான் பட்ட பாடு இருக்கிறதே! கீலைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவினார். சத்தம் வரவில்லை. வெயிலில் காயவைத்தார், வரவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். மணலை எடுத்துத் தேய்த்தார். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கதவை ஆட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கடையில் வந்த ஒரு தச்சரிடம், கதவு கத்த என்ன செய்யணும் என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் முதலில் இவரையே ஒரு கண்ணாடி மாட்டிப் பார்க்கச் சொன்னாராம். கடைசியில் ஒருநாள் அது கத்தியது. லேசாகக் கத்தவில்லை தம்பி, வீறிட்டது. கீழ்வீட்டு அம்மா, என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று படியேறி ஓடி வந்துவிட்டாள். அப்பா வந்து திறந்து பார்த்து, "கொஞ்சம் ஜாஸ்தி. பரவால்ல, பழகிடும்" என்றார். உன் அத்தானுக்குப் பரிசு வாங்கிய மாதிரி முகம்!

இப்படியே அவர் வருவது பழகிவிட்டது. காலையில் வருவார், சரிபார்ப்பார், எங்களோடு சாப்பிடுவார், சின்னவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவளோடு சண்டை போடுவார், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார். வருகிற நாளில் வயிறாரச் சாப்பிடுகிறார், மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார். வராத நாளில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் "ஆச்சு" என்கிறார். ஆச்சு என்றால் ரொட்டியும் தண்ணீரும் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். இன்னொரு சாமான் இருந்தால் இன்னொரு நாள் வருவார் அல்லவா? எனக்கு ரேடியோவும் வேணும்ப்பா என்று கேட்டேன். கொடுத்தார், கூடவே வந்தார். இடது பக்கம் ஓர் அறை விட்டால்தான் பாடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் அடிக்கப் பயிற்சி கொடுத்தார். பிறகு மடக்கு ஏணி, பிறகு துணிப்பெட்டி, அப்புறம் அந்தக் கால் ஆடும் சாப்பாட்டு மேஜை. எங்கள் வீடு நிரம்பிவிட்டது. இங்கே ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். "இன்னும் ரெண்டு சாமான் வந்தா நாம மூணு பேரும் மாமா வீட்டுக்குக் குடிபோயிடலாம், அங்க நல்ல இடம் இருக்கு" என்கிறார் உன் அத்தான்.

அவர் சொன்னது விளையாட்டுத்தான். ஆனால் அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லை தம்பி. ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், உன் கட்டில். பேசினால் எதிரொலிக்கிறது.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுப் பதறாதே. போன வாரம் அவர் வரவேண்டிய நாளில் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் புடைத்து நீலம் பாரித்திருந்தது. குளியலறையில் விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியாமல், தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். இதுகூட அந்தத் தண்ணீர்காரர் என்னிடம் தெருவில் சொல்லித்தான் தெரியும். அப்பாவைக் கேட்டால் "தரை வழுக்குது" என்கிறார், ஏதோ தரை செய்த தப்பு மாதிரி. டாக்டரிடம் காட்டினோம், எலும்புக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து வேலையில் கவனம் இல்லை. மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது இரண்டு முறை தப்பு விட்டேன்.

எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சினேன், திட்டினேன், உன் அத்தானும் சொன்னார், சின்னவளும் அழுது காட்டினாள். அவர் சொன்ன பதிலைக் கேள். "அவன் கட்டில் என் பொறுப்புல இருக்கு. பொறுப்புல இருக்கிற பொருளை விட்டுட்டு ஸ்டோர்காரன் எங்கயும் போகமாட்டான்." சரி, கட்டிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். "அது உன்னோடதா? உரியவன் எழுத்துல கேட்கணும். வாய்ல சொல்றதெல்லாம் செல்லாது" என்று முடித்துவிட்டார்.

ஆகவே தம்பி, நீ எழுத்தில் கேள். கட்டிலை அக்கா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. போனமுறை போனில் "கட்டிலா? யாருக்காவது வித்துடுங்க" என்று நீ சாதாரணமாகச் சொன்னாயே, அப்போதும் ஸ்பீக்கர் போட்டிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. விற்பது என்ற வார்த்தை மட்டும் கடிதத்தில் வேண்டாம்.

இன்னொன்று. பாசமாக எழுதிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக இருக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினாலும் மோப்பம் பிடித்துவிடுவார். சண்டைக்காரன் மாதிரி எழுது. என் கட்டில், எனக்குச் சேரவேண்டிய கட்டில், அந்த வீட்டில் கரையான் வந்தால் யார் பொறுப்பு, உடனே அக்கா வீட்டில் சேர்த்துவிடவும் என்று கோபமாக எழுது. எங்கே போடுவது என்று நீ கவலைப்படாதே. மேஜையைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு அளந்து பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. கட்டில் வந்தால் அப்பா படுக்க வேறு இடம் அங்கே இல்லை. வரத்தானே வேண்டும்?

எனக்கு அம்மாவிடம் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை, உனக்கும் கிடைக்கவில்லை. அப்பாவை அப்படி விட்டுவிட என்னால் முடியாது. இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல். உனக்கு நல்ல சோறும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். கிரேனிலிருந்து இறங்கும்போது பார்த்து இறங்கு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா

*

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கட்டில் தொடர்பாக நீ எழுதிய கடிதம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நீ கேட்டபடியே பொருள் உன் அக்கா வீட்டில் சேர்க்கப்பட்டுவிட்டது.

சேர்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் திரும்பவில்லை. கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் மாடிக்கு ஏற்றினார்கள். உன் அத்தான் மேலே நின்று இழுக்க, தெருவே கீழே நின்று யோசனை சொன்னது. ஒருவர் இடது என்றால் ஒருவர் வலது என்கிறார். ஊரில் உள்ள கப்பல் சரக்கையெல்லாம் தூக்கி வைக்கிற பிள்ளையைப் பெற்றுவிட்டு, ஒரு கட்டிலுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. தலைமாட்டில் ஓர் இடத்தில் லேசான சிராய்ப்பு. நானே தடவிப் பார்த்தேன், ஆழம் இல்லை. நீ வந்து பார்க்கும்போது கேட்பாய் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

உன் கடிதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மிகவும் கோபமாக எழுதியிருந்தாய். நான் உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வந்தால் நீ வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாய். பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் இல்லை. கரையான் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த மரத்தில் கரையான் ஏறாது என்பது உனக்குத் தெரியாது, உன் அக்காவுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காமல் வளர்த்தது எங்கள் தவறுதான்.

ஆனாலும் எழுத்தில் கேட்டுவிட்டாய். உரியவன் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். நான் வைத்த முறையை நானே மீற முடியாது.

இங்கே வந்து சில நாட்கள் ஆகின்றன. வீட்டில் கால் வைக்க இடமில்லை. காலையில் குளியலறைக்கு வரிசை. உன் அக்கா சமையலறையிலிருந்து உன் அத்தானை விரட்டுகிறாள், அவர் சாக்ஸைத் தேடிக்கொண்டே பதில் சொல்கிறார், பேத்தி இருவருக்கும் நடுவில் நின்று பாடம் ஒப்பிக்கிறாள். பேத்திக்கு வகுத்தல் கணக்கு வரவே வராது, ஆனால் வாய் நன்றாக வருகிறது. ஒரே சத்தம். இரண்டு வேளையும் சூடாகச் சாப்பாடு. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நான் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள் உன் அக்கா. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். நீ தூரத்தில் இருப்பதால் எழுத முடிகிறது, எதிரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அன்று தரையில் கிடந்தபோது நான் பயந்துவிட்டேன். வலியால் இல்லை. கூப்பிட்டேன், குரல் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. கேட்க யாரும் இல்லை என்று அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. அதற்கு முன்பே பல நாள், வெளிச்சம் போகப் போக, நாளைக்கு எந்தச் சாமானைச் சாக்கு வைத்து உன் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இருப்பேன். கண்ணாடி அந்த உயரத்திலேயே இருந்திருக்கலாம். மிஷினுக்கு டிவி ஒரு பாரமே இல்லை. மாப்பிள்ளை பாவம், முட்டி மடக்கி ஷேவ் செய்கிறார்.

வந்து இருக்கிறேன் என்று நானாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழசைக் காட்டினால்தான் புதுசு தருவேன் என்று எல்லோரையும் நிற்க வைத்தவன், மகள் வீட்டு வாசலில் போய் எதைக் காட்டி நிற்பது?

இதை உன் அக்காவிடம் சொல்லாதே. அப்பாவை ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்டோம் என்று அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நேற்று உன் அத்தானிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து! அவள் ஜெயித்ததாகவே இருக்கட்டும். நான் கட்டிலுக்காக வந்தவனாகவே இருந்துவிடுகிறேன்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். வேலைதான் முக்கியம், அவசரப்படாமல் வசதிப்படும்போது வந்தால் போதும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீ சுகமாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. சீக்கிரம் வா என்று எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

என்றும் உன்,
அப்பா